சட்டி நிறைய இருக்கிறது, அகப்பைதான் ஓட்டை

போன ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகன் வந்தான், கையில் இந்தப் பத்திரிகையின் சென்ற இதழ். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் நிம்மதியாகப் பாட்டு கேட்க வேண்டும் என்று 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். "மாமா, இதுல எழுதியிருக்கிற மாதிரி மூணாப் பிரிச்சிடலாமா? ஹெட்போனுக்கு ஐயாயிரம், ஆம்புக்கு ஐயாயிரம், டேக்குக்கு ஐயாயிரம்" என்று பக்கத்தைப் பிரித்து நீட்டினான். அங்கங்கே பென்சிலால் அடிக்கோடு. ஓர் ஓரத்தில் "முக்கியம்" என்று வேறு எழுதியிருந்தான்.

அந்த "முக்கியம்" கண்ணில் படாமல் இருந்திருந்தால் இந்த எதிர்வினையே இருந்திருக்காது. ஆடியோ பற்றி வரும் உளறல்களுக்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தால் எனக்குப் பாட்டு கேட்க நேரம் மிஞ்சாது. ஆனால் சம்பளம் வாங்கத் தொடங்கிய பையன் ஒருவன் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறான், படித்தபடியே காசைக் கொண்டுபோய்க் கொட்டப்போகிறான் என்றால் பேசாமல் இருப்பது தப்பு.

கட்டுரையாளர் சொன்னதைத் திரிக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் எண்களை மின்னலையாக மாற்றும் டேக், அதைப் பெருக்கும் ஆம்ப், காதில் மாட்டும் ஹெட்போன், இந்த மூன்றுக்கும் சமமாகச் செலவழிக்க வேண்டும் என்கிறார். காசு பற்றாக்குறை என்றால் ஹெட்போனில் குறைத்துக்கொள்ளலாமாம், டேக்கில் மட்டும் கை வைக்கக்கூடாதாம். காரணம், "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்". போனோ லேப்டாப்போ நல்ல ஹெட்போன் எதையும் 'ஓட்ட' முடியாது என்கிறார். இதற்கெல்லாம் அவர் வைக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்று. ஒரே ஹெட்போனை முதலில் போனில் செருகிக் கேட்டாராம், அப்புறம் தன் புது டேக்கில் செருகிக் கேட்டாராம், திரை விலகியது போல இருந்ததாம். பழைய பாட்டு ஒன்றில் அதுவரை கேட்காத தம்புரா கேட்டதாம்.

பழமொழி நல்ல பழமொழி. அவருக்குச் சட்டி எது, அகப்பை எது என்பதில்தான் குழப்பம்.

சட்டியைத் திறந்து பார்ப்போம். சிடி தரத்தில் ஒரு பாட்டு என்பது ஒரு நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளியை அது தாங்கும். இந்த எண்களைப் பிசகாமல் மின்னலையாக மாற்ற இன்று எவ்வளவு செலவாகிறது? ஆப்பிள் விற்கும் யூ.எஸ்.பி.-சி ஹெட்போன் அடாப்டரைப் பார்த்திருப்பீர்கள். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை ஒயர், விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி. அதன் முனையில் நகத்தளவு இடத்துக்குள் டேக்கும் இருக்கிறது, ஆம்பும் இருக்கிறது. அளந்து பார்த்தவர்கள் சொல்லும் கணக்குப்படி அதில் சேரும் இரைச்சலும் திரிபும் இசைக்கு ஏறக்குறைய 99 டெசிபல் கீழே. அதாவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. காதுக்கு எட்டும் சுருதி வரம்பு முழுவதும் அதன் ஒலி ஏற்ற இறக்கம் இல்லாமல் கோடு போட்டதுபோல் போகிறது.

இப்போது அகப்பை. ஹெட்போனுக்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், பின்னால் ஒரு காந்தம். அது முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ள வேண்டும். தள்ளிய காற்று பஞ்சு மெத்தையில் மோதி, காது மடலில் தெறித்து, காதுக் குழாய்க்குள் போக வேண்டும். இதில் கீழ்ச்சுருதியில் அரை சதவீதம், ஒரு சதவீதம் திரிபு என்பது சர்வ சாதாரணம். ஓரிடத்தில் ஐந்து டெசிபல் தூக்கும், இன்னோரிடத்தில் எட்டு டெசிபல் அமுங்கும். ஒரு லட்சத்தில் ஒரு பங்கு பிழை செய்பவனுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்துத் திருத்தச் சொல்கிறார் நம் கட்டுரையாளர். நூற்றில் ஒரு பங்கு பிழை செய்பவனைப் பார்த்து, "உன்னிடம் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம்" என்கிறார். சட்டி நிறையக் குழம்பு இருக்கிறது ஐயா. அகப்பைதான் ஓட்டை.

இந்த "மூலம் முக்கியம்" என்ற வாதம் அவர் கண்டுபிடித்ததல்ல, அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஐவர் டீஃபன்புருன் என்பவர் 1972இல் லின் சோண்டெக் எல்பி12 என்ற ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்தார். ஸ்பீக்கருக்குத்தான் காசு கொட்ட வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், "தட்டிலிருந்து ஊசி எடுக்கத் தவறியதைப் பின்னால் எந்தப் பெட்டியாலும் மீட்க முடியாது" என்பதுதான் லின் வைத்த வாதத்தின் சாரம். அன்றைக்கு அது நியாயமான பேச்சு. ரெக்கார்டு பிளேயரில் மோட்டார் உறுமும், தட்டு ஆடும், ஊசி பள்ளத்தில் உரசும். அங்கே அசைவு மின்சாரமாக மாறியது. கடைசியில் ஸ்பீக்கரில் மின்சாரம் திரும்ப அசைவாக மாறியது. தப்பு நடக்கும் இடங்கள் அந்த இரண்டு முனைகளும்தான். டிஜிட்டல் வந்ததும் முன் முனையில் இருந்த ஊசி காணாமல் போய்விட்டது. அசையும் பொருள் என்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான், அது ஹெட்போன். ஊசி போன பிறகும் ஊசிக்கான உபதேசத்தை டேக்குக்கு மாட்டிவிட்டு நடமாடுகிறார்கள்.

தொடக்க காலத்தில் டேக் கடினமான வேலையாக இருந்தது உண்மைதான். சிடி அறிமுகமான புதிதில் பிலிப்ஸ் தன் முதல் பிளேயரில் 14 பிட் டேக்கை வைத்துத்தான் சமாளித்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கதை அது. அன்றைய எச்சரிக்கையை இன்றைய ஷோரூமில் விற்கிறார்கள்.

சரி, திரை விலகியதே, தம்புரா கேட்டதே, அது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கேட்டிருப்பார். எதைக் கேட்டார் என்பதுதான் கேள்வி.

சிடி பிளேயர் காலத்திலிருந்தே வீட்டு டேக்குகளின் வெளியீடு 2 வோல்ட் என்பது வழக்கம். போன் அடாப்டர்கள் பெரும்பாலும் 1 வோல்ட்டை ஒட்டியே தரும். இரண்டு மடங்கு வோல்ட் என்றால் 6 டெசிபல் கூடுதல் சத்தம். கட்டுரையாளர் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேட்டதாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல் வித்தியாசத்தைக் காது "சத்தம்" என்று உணராது. "தெளிவு" என்று உணரும், "விரிவு" என்று உணரும். ஒலி கூடக்கூடக் கீழ்ச்சுருதியும் மேல்சுருதியும் காதுக்கு நன்றாக எட்டத் தொடங்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். 6 டெசிபல் ஏற்றினால் தம்புரா என்ன, பாடகர் மூச்சு வாங்குவதும் கேட்கும். அதே தம்புராவை அவர் தன் போனிலும் கேட்டிருக்கலாம், வால்யூம் பொத்தானை இரண்டு தட்டு தட்டியிருந்தால்.

இதில் நானும் ஏமாந்தவன்தான். பல வருஷம் முன்பு ரிச்சி தெருவில் ஒரு கடையில் இரண்டு ஆம்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். விலை கூடிய ஆம்ப் என்னை அப்படியே தூக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது, கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அதன் குமிழை ஒரு சின்னத் திருகு கூடுதலாகத் திருகிக்கொண்டிருந்தார். அன்று என் காதில் சுற்றப்பட்ட பூவின் விலை 11,000 ரூபாய்.

அதற்குப் பிறகு எந்தப் பெட்டியைப் பற்றியும் துண்டு போட்டு மூடாமல் கருத்துச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். பழவந்தாங்கலில் நண்பர் ஒருவர் 40,000 ரூபாய்க்கு டேக் வாங்கினார். ஆயிரம் ரூபாய் ஒயரோடு அதை மோதவிட்டுப் பார்ப்போம் என்றேன், ஒப்புக்கொண்டார். பழைய டிபன் டப்பா ஒன்றில் இருவழி சுவிட்சைப் பொருத்தி, இரண்டு டேக்கும் ஒரே ஆம்புக்குள் போகும்படி இணைத்தோம். அளவைச் சமப்படுத்துவதற்குத்தான் முக்கால் மணி நேரம் ஆனது. சாதாரண மல்டிமீட்டர் உயர்ந்த சுருதிகளை ஒழுங்காக அளக்காது. அதனால் 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்பின் வாயில் மீட்டரின் முட்களை வைத்து, இரண்டிலும் ஒரே எண் வரும்வரை டேக்கின் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். நூற்றில் ஒரு பங்கு வோல்ட் வித்தியாசத்துக்குள் வந்ததும் எல்லாவற்றையும் ஈரிழைத் துண்டால் மூடிவிட்டோம்.

நண்பரின் மனைவி ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டி, தலையா பூவா பார்த்து, துண்டுக்கடியில் சுவிட்சைத் தள்ளுவார். நாங்கள் எங்கள் விடையைத் தாளில் எழுத வேண்டும். நண்பருக்கு மனப்பாடமான, 1980களின் இளையராஜா பாட்டு. அவர் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார். ஆறாவது சுற்றில் சிரிப்பு நின்றது. பத்தாவதில், "இரு, இன்னொரு தடவை முதல்லேர்ந்து போடு" என்று கண்ணை மூடிக்கொண்டார். 20 முறை முடிந்து எண்ணிப் பார்த்தால் அவருக்கு 11 சரி, எனக்கு 9. நாணயத்தையே விடை எழுதச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய இவ்வளவுதான் வாங்கியிருக்கும். அவர் மனைவி தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டுல எதைத் திருப்பிக் குடுக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பேர் ஒரு மாலை நேரத்தில் செய்தது ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆராய்ச்சி என்றே செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவியூ பத்திரிகை 1987 ஜனவரியில், சுமார் 220 டாலர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஆம்ப் வரை மறைத்துவைத்துக் கேட்கச் சொன்னது. வாசகர்களில் நம்பிக்கைக்காரர்கள், சந்தேகக்காரர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்தார்கள். எது எதுவென்று யாராலும் நம்பும்படியாகச் சொல்ல முடியவில்லை. கட்டுரையாளர் அரைப் பக்கம் உருகி எழுதியிருக்கும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் சமாச்சாரத்தை பாஸ்டனைச் சேர்ந்த பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007இல் சோதித்தார்கள். உயர்தரப் பதிவு ஒரு பக்கம், அதையே சிடி தரத்துக்குச் சுருக்கியது மறுபக்கம். 554 முறை கேட்டதில் 276 சரி. பாதிக்கும் ஒரு முடி கீழே. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்கிறேன்: லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 2016இல் இப்படிப்பட்ட 18 சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். 12,500க்கும் மேற்பட்ட முயற்சிகளில் 52.3 சதவீதம் சரி. முறையாகப் பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கணிசமாகக் கூட. ஆக, வித்தியாசம் பூஜ்யம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நூற்றில் ஐம்பது வரவேண்டிய இடத்தில் ஐம்பத்திரண்டு வருவதற்குப் பெயர் "திரை விலகியது" என்றால், அந்தத் திரை எவ்வளவு மெல்லியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தவிர, அவர் உதாரணம் காட்டுவது டேப்பில் பதிவான பழைய பாட்டு. டேப்பின் சொந்த இரைச்சலுக்கு மேலே கிடைப்பதே அறுபது, எழுபது டெசிபல்தான். சிடி தரத்திலேயே இடம் மிச்சம். 24 பிட் பாத்திரத்தில் ஊற்றினால் குழம்பு கூடுமா?

ஏ.கே.எம். சிப் உள்ள டேக் 'வெல்வெட்' போல இழையும், இ.எஸ்.எஸ். சிப் 'கூர்மையாக'க் குத்தும் என்று ஒரு பத்தி. வெல்வெட் சவுண்ட் என்பது ஏ.கே.எம். நிறுவனம் தன் சிப்புகளுக்கு வைத்திருக்கும் விற்பனைப் பெயர். அந்தச் சொல் அவர் காதுக்குள் போனது ஹெட்போன் வழியாக அல்ல. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் அந்த நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்து சிப் கிடைக்காமல் போனதும், பல தயாரிப்பாளர்கள் இ.எஸ்.எஸ். சிப்புக்கு மாறித் தங்கள் பெட்டிகளை விற்றார்கள். வெல்வெட் போய்விட்டதே என்று வீட்டுக்கு வீடு யாரும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

ஆம்ப் விஷயத்தில்தான் அவர் பாமரனை நன்றாகப் பயமுறுத்தியிருக்கிறார். "250 ஓம் ஹெட்போனைப் போனில் செருகுவது, அம்பாசடர் காரைச் சைக்கிள் மிதித்து இழுப்பது போல" என்று எழுதியிருக்கிறார். உவமை எழுதிய நேரத்தில் ஒரு பெருக்கல் போட்டிருக்கலாம். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் மாடல். ஒரு மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபல் என்று அதன் நிறுவனமே சொல்கிறது. அந்த ஆயிரம் ரூபாய் ஒயர் தருவது 1 வோல்ட். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் 4 மில்லிவாட். ஒன்று நான்கானால் 6 டெசிபல் கூடும். 96உம் 6உம் 102 டெசிபல். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டாதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 டெசிபல் இரைச்சலில் ஒரு தொழிலாளி நாளுக்குக் கால் மணி நேரத்துக்குமேல் நிற்கக்கூடாது என்பது அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. சைக்கிள்காரன் அம்பாசடரை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஒரு எச்சரிக்கை: சில ஆண்ட்ராய்டு போன்களில் அந்த ஆப்பிள் ஒயர் முழுச் சத்தத்தையும் தராது, அதற்கு வேறு நிறுவனத்தின் சிறிய டாங்கிள் வாங்குங்கள். உள்ளே டேக்கே இல்லாத வெறும் ஒயர்களும் அதே வடிவத்தில் விற்கின்றன. சில போன்களில் அவை வேலையே செய்யாது, கேட்டு வாங்குங்கள்.

ஓம் எண்ணைப் பார்த்து ஆம்ப் வாங்கச் சொல்வதே தப்பான வழிகாட்டல். ஹைஃபைமேன் எச்இ6 என்றொரு ஹெட்போன், வெறும் 50 ஓம்தான். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே கத்தும். வாத்தியங்கள் ஓங்கும் கணத்தில் 110 டெசிபலைத் தொட வேண்டும் என்றால் அரை வாட்டை நெருங்க வேண்டும், ஏறக்குறைய 4.7 வோல்ட். அங்கே போன் அடாப்டர் கையை விரித்துவிடும், ஆம்ப் கட்டாயம் வேண்டும். நான் ஆம்புக்கு எதிரி அல்ல. கணக்குப் போட்டுத் தேவை வந்தால் வாங்கு என்கிறேன், அவ்வளவுதான். அதேபோல லேப்டாப்பின் துளையில் செருகினால் உஸ்ஸென்ற இரைச்சலோ சார்ஜர் போட்டதும் கொர்ரென்ற ஹம்மோ கேட்டால் அது கோளாறுதான். ஒரே காதுக்குள் நாலைந்து டிரைவர் வைத்த இயர்போன்களை, வெளியீட்டு மின்தடை அதிகமான ஆம்பில் செருகினால் குரலின் நிறமே மாறும். ஹெட்போனின் ஓம் எண்ணில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்பின் அந்த மின்தடை இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. இந்தக் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் மருந்து ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஐயாயிரமும் ஐயாயிரமும் எதற்கு?

கட்டுரையாளர் ஒரு சொல்கூடச் சொல்லாத விஷயங்கள்தான் என்னை அதிகம் கோபப்படுத்துகின்றன. அக்கா மகன் கண்ணாடி போடுகிறவன். காதைச் சுற்றி மூடும் ஹெட்போனைப் போட்டால் கண்ணாடியின் காம்பு மெத்தையை ஒரு நூலளவு தூக்கிவிடும், அந்த இடுக்கு வழியாகக் கீழ்ச்சுருதி வெளியே ஓடிவிடும். ஒரு விரலால் மெத்தையை அழுத்திப் பிடித்து மிருதங்கத்தின் தொப்பியைக் கேட்டுப் பாருங்கள், விட்டுவிட்டுக் கேட்டுப் பாருங்கள். எந்த டேக்காலும் உண்டாக்க முடியாத வித்தியாசம் அது. சென்னை வேர்வைக்கு ரெக்சின் மெத்தை இரண்டு கோடைகூடத் தாங்குவதில்லை; கருப்புச் செதில் செதிலாக உரிந்து கழுத்தில் ஒட்டும். மெத்தை உப்பலும் உறையும் மாறினால் ஒலியும் மாறும். மாற்று மெத்தை கிடைக்கிற மாடலா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

அவர் எல்லோருக்கும் பின்பக்கம் மூடாத, 'திறந்த முதுகு' ஹெட்போனையே சிபாரிசு செய்கிறார். அருமையான ஒலிதான், மறுக்கவில்லை. ஆனால் சல்லடையில் சலித்த மாவு மாதிரி எல்லாம் இரண்டு பக்கமும் போகும்: உங்கள் பாட்டு பக்கத்து அறையில் படிக்கும் பிள்ளைக்குக் கேட்கும், உங்கள் தலைக்கு மேலே சுற்றும் சீலிங் ஃபேன் உங்களுக்குக் கேட்கும். ஃபேன் சத்தமே நாற்பது டெசிபலைத் தாண்டும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, 120 டெசிபல் கீழே இருக்கும் டேக் இரைச்சலைப் பற்றி ஆராய்கிறோம். மே மாத மத்தியானம் ஃபேனை நிறுத்திவிட்டு ராகம் கேட்கிற வைராக்கியம் கட்டுரையாளருக்கு இருக்கலாம், எனக்கு இல்லை.

அப்படியானால் பதினைந்தாயிரத்தையும் ஹெட்போனிலேயே கொட்டிவிடலாமா? அங்கேதான் என் வாதத்தையே கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. யெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து 2017இல் வெளியிட்டார். விலைக்கும், எந்தச் சுருதியை எவ்வளவு தூக்கி எவ்வளவு தாழ்த்துகிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அவர் முடிவு. அதாவது ஹெட்போன்தான் முக்கியம், ஆனால் விலை கூடிய ஹெட்போன் என்று அதற்கு அர்த்தமில்லை. இரண்டாயிரம் ரூபாயைச் சுற்றி விற்கும் மூன்ட்ராப் சூ மாதிரியான சீன இயர்போன்கள் பத்து மடங்கு விலைக்காரர்களை வெட்கப்பட வைக்கின்றன. சோனியின் எம்டிஆர்-7506 1991இல் வந்தது, இன்றும் ஸ்டுடியோக்களில் தொங்குகிறது. 63 ஓம், போனிலேயே அலறும். காஸ் போர்ட்டா ப்ரோ 1984இல் வந்தது, பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும், இன்னும் விற்கிறது. காது வைத்துத் தேர்ந்தெடுத்தால் காசு மிஞ்சும்.

மிஞ்சிய குறையை ஈக்வலைசரால் தீர்க்கலாம். விண்டோஸ் கணினிக்கு ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். உங்கள் ஹெட்போன் எங்கே தூக்குகிறது, எங்கே அமுங்குகிறது என்று பலர் அளந்து வைத்திருக்கிறார்கள், அந்த எண்களை இட்டுக்கொண்டால் போதும். எதையாவது ஐந்து டெசிபல் ஏற்றினால் மொத்த அளவை அதே ஐந்து இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஓசை உடையும். பூஜ்யம் ரூபாயில் ஐந்து டெசிபல் மாற்றம்! கட்டுரையாளர் ஈக்வலைசரை "கலப்படம்" என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கியிருக்கிறார். ஹெட்போன் செய்யும் எட்டு டெசிபல் கலப்படத்தைத் தூய்மை என்றும், அதைத் திருத்துவதைக் கலப்படம் என்றும் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ.

அக்கா மகன் என்ன செய்தான் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடியோடு மூன்று கடை ஏறி, ஏழு ஹெட்போன் போட்டுப் பார்த்து, காதை இறுக்காத மூடிய ஹெட்போன் ஒன்றை 7,800 ரூபாய்க்கு வாங்கினான். அடாப்டர் ஒன்று. மாற்று மெத்தை ஒரு ஜோடி, முன்கூட்டியே. மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சம் அவன் கணக்கில் இருக்கிறது. பத்திரிகையை என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

கட்டுரையாளருக்கு ஒரு வார்த்தை. உங்கள் காதை நான் பழிக்கவில்லை. 20 முறையில் 15 முறை சரியாகச் சொல்லிவிட்டீர்களானால், இதே பக்கத்தில் என் பெயரைப் போட்டு, நான் எழுதியது தவறு என்று எழுதிக் கொடுக்கிறேன். எந்த ஞாயிறு மாலையும் எனக்குச் சரி. பாட்டும் ஹெட்போனும் உங்கள் விருப்பம். மல்டிமீட்டர், டிபன் டப்பா, ஈரிழைத் துண்டு மூன்றும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் டேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.